மண்ணைக் கேட்டபின் குழி தோண்டுவோம்

விதைக்குமுன் மண்ணைப் பார்ப்பதும், கிணறு வெட்டுமுன் நீரோட்டம் பார்ப்பதும் நம் விவசாயப் பெருமக்களுக்குப் பழக்கமானவை. ஆனால் வீட்டுக் கழிப்பிடத்திற்குச் செப்டிக் தொட்டியும் உறிஞ்சுகுழியும் அமைக்கும்போது மட்டும், கொல்லையில் எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே தோண்டிவிடுகிறோம். அந்த மண் நீரை ஏற்குமா என்று நாம் கேட்பதில்லை. 2014-ஆம் ஆண்டில் தூய்மை பாரத இயக்கம் தொடங்கிய பின்னர்க் கிராமங்களில் கழிப்பிடங்கள் பெருகியுள்ளன. அவை நிலைத்துப் பயன்பட வேண்டுமாயின் இக்கேள்வியைக் கேட்டே ஆகவேண்டும்.

செப்டிக் தொட்டியே கழிவைத் தூய்மை செய்துவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். இஃது உண்மையன்று. தொட்டியில் கசடு அடியில் தங்கும். வெளிவரும் நீரிலோ நோய்க் கிருமிகள் இருந்துகொண்டேயிருக்கும். அந்நீரை வடிகட்டிக் கிருமிகளை மடியச் செய்வது உறிஞ்சுகுழியைச் சுற்றியுள்ள மண்தான். மண் நீரை ஏற்காவிடில் குழி நிரம்பி, கொல்லையில் நாற்றநீர் தேங்கும். கழிப்பிடம் பூட்டிக் கிடக்கும். வீட்டார் மீண்டும் வயல்வெளியை நாடுவர். மண் மிக விரைவாக நீரைக் கீழே விட்டுவிடுமாயின், தீங்கு கண்ணுக்குத் தெரியாமலே அண்டையிலுள்ள கிணற்றைச் சேரும்.

மண்ணின் தன்மையை முன்கூட்டியே அறியும் சோதனை எளியது. கடப்பாறை, அளவுகோல், கடிகாரம், சில குடம் நீர் ஆகியவை போதும். உறிஞ்சுகுழி அமையவிருக்கும் இடத்தில், 30 செ.மீ.க்கு மேற்படாத அகலத்தில், நீர் ஊறவேண்டிய ஆழம்வரை செங்குத்தாக ஒரு சிறு குழி தோண்ட வேண்டும். கடப்பாறை பட்டு வழுவழுப்பான பக்கங்களைக் கத்தியால் கீறிவிட்டு, உதிர்ந்த மண்ணை அகற்றி, அடியில் 5 செ.மீ. உயரம் பருமணல் இட வேண்டும். மணலுக்கு மேல் 30 செ.மீ. நிற்குமாறு நீர் ஊற்றி, இரவு முழுவதும் ஊறவிட வேண்டும்.

இவ்வாறு ஊறவிடுவதே சோதனையின் உயிர்நாடி. கோவில்பட்டி, விருதுநகர்ப் பகுதிகளின் கரிசல் நிலத்தைக் கருதுவோம். கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் அந்நிலத்தில் ஊற்றிய நீர் வெடிப்புகளின் வழியே உடனே மறைந்துவிடும். ‘நல்ல உறிஞ்சும் மண்’ என்று நாம் ஏமாறுவோம். மழை பெய்ததும் அதே மண் உப்பி, வெடிப்புகள் மூடிக்கொள்ளும். பிறகு ஒரு சொட்டும் எளிதில் இறங்காது. உலர்ந்த மண் கூறுவதைவிட நனைந்த மண் கூறுவதையே நாம் நம்ப வேண்டும்.

மறுநாள் நீர்மட்டத்தை மணலுக்கு மேல் 15 செ.மீ. ஆக்கி, 30 நிமிடத்திற்கு ஒரு முறை எவ்வளவு இறங்கியது என்று அளந்து, மீண்டும் அதே மட்டத்திற்கு நிரப்ப வேண்டும். இவ்வாறு 4 மணி நேரம் செய்து, கடைசி அரைமணியின் அளவையே கணக்கில் கொள்ள வேண்டும். மணற்பாங்கான நிலத்தில் 10 நிமிடத்திற்கு ஒரு முறையாக 1 மணி நேரம் அளந்து, கடைசி 10 நிமிட அளவை எடுத்துக்கொள்ளலாம். ஓரிடத்தை மட்டும் நம்பாமல் இரண்டு மூன்று இடங்களில் பார்ப்பது நலம்.

நீர்மட்டம் 2.5 செ.மீ., அதாவது ஓர் அங்குலம், இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்பதே விடை. கடைசி அரைமணியில் 5 செ.மீ. இறங்கியிருந்தால் விடை 15 நிமிடம். இந்தியத் தரவிதி 2470-இன்படி, 5 நிமிடமாயின் ஒரு சதுர மீட்டர் மண் நாளொன்றுக்கு 90 லிட்டர் ஏற்கும். 15 நிமிடமாயின் 52 லிட்டர். 30 நிமிடமாயின் 37 லிட்டர். ஒரு வீட்டுத் தொட்டியிலிருந்து நாள்தோறும் 260 லிட்டர் வெளிவருவதாகக் கொள்வோம். 15 நிமிட மண்ணில் அதற்கு 5 சதுர மீட்டர் சுவர்ப்பரப்பு வேண்டும். 1 மீட்டர் விட்டமுள்ள வட்டக் குழியாயின், குழாய் வந்து சேரும் இடத்திற்குக் கீழே சுமார் 1.6 மீட்டர் ஆழம் தேவை.

30 நிமிடத்திற்கு மேலாயின் அங்கு உறிஞ்சுகுழி உதவாது. 60 நிமிடத்தையும் கடந்தால், மண்ணில் நீரை ஊறவிடும் எம்முறையும் பயன்படாது. ஊராட்சி ஒன்றியப் பொறியாளரைக் கலந்து, சரளை வடிகட்டி போன்ற வேறு வழி காண வேண்டும்.

சோதனையில் தேறிய இடமும் குடிநீர்க் கிணற்றிலிருந்து 18 மீட்டருக்குக் குறையாமல் தள்ளியிருக்க வேண்டும். மழைக்கால நிலத்தடி நீர்மட்டத்திற்கும் குழியின் அடிக்கும் இடையே 2 மீட்டர் மண்ணாவது இருத்தல் வேண்டும். கிணற்றில் ஐப்பசி, கார்த்திகையில் நீர் எவ்வளவு உயர்கிறது என்பதை ஊர்ப் பெரியவர்களே கூறுவர். மணல் மிகுந்த ஊர்களில் இவ்விதிகளைச் சிறிதும் தளர்த்தலாகாது.

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் ஒவ்வொரு தெருவிலும் இச்சோதனையை நடத்தி, முடிவை ஊராட்சிப் பதிவேட்டில் குறித்து வைப்பார்களாக. இதற்குச் செலவாவது ஓர் இரவும் ஒரு பகலுமே. அதனால் காக்கப்படுவது ஊரார் குடிக்கும் நீர்.