ஒரே தூது, செல்லுக்குச் செல் வேறு பதில்

போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக விடியற்காலையில் ஜீப்பேறி ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் தேனி மாவட்டத்தில் ஏராளம். அந்தத் தோட்டங்களில் இலைப்பேனுக்கு அடிக்கும் மருந்துகளில் குயினால்பாஸும் ஒன்று. ஆர்கனோபாஸ்பேட் வகையைச் சேர்ந்தது. அது உடம்பில் அதிகமாக ஏறிவிட்டால் எச்சில் வழியும், வியர்த்து ஊற்றும், கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும், மூச்சுக்குழாயில் சளி நிரம்பும். இத்தனையையும் நஞ்சு தனித்தனியாகச் செய்வதில்லை. நரம்பு முனை அனுப்பும் அசிட்டைல்கோலின் என்ற தூதுப்பொருளைச் சிதைக்க வேண்டிய நொதியை அது முடக்குகிறது, அவ்வளவுதான். மற்றதெல்லாம் நம் செல்கள் தங்கள் வழக்கப்படி, ஆனால் நிறுத்தாமல், செய்பவை.

அந்த வழக்கத்தின் மையத்தில் கால்சியம் இருக்கிறது. செல்லுக்கு வெளியே அதன் அயனிச் செறிவு உள்ளே இருப்பதைவிடச் சுமார் 10,000 மடங்கு. உள்ளே வருவதை வெளியே தள்ளியும் உள்ளறைகளில் அடைத்தும் செல் இந்த வேறுபாட்டைக் காக்கிறது. அசிட்டைல்கோலின் உமிழ்நீர்ச் சுரப்பிச் செல்லுக்குள் நுழைவதே இல்லை. வெளிச்சவ்வின் ஏற்பியில் ஒட்டுகிறது. உடனே உட்புறம் ஐபி-3 என்ற சிறு மூலக்கூறு உருவாகி, உள்ளறையின் கால்சிய வாயிலைத் திறக்கிறது. 1983-ல் மைக்கேல் பெரிட்ஜும் உடனாய்வாளர்களும் இதைக் கணையச் செல்களில் காட்டினார்கள். பெரியாற்றுத் தண்ணீர் லோயர்கேம்ப்பில் மின்சாரமாகிறது, கம்பத்து வயலில் நெல்லாகிறது. அதுபோலக் கால்சியமும் சுரப்பியில் எச்சிலாகவும் கண்மணித் தசையில் சுருக்கமாகவும் வெளிப்படுகிறது.

அப்படியானால் நஞ்சேறியவரின் இதயம் மட்டும் ஏன் மெதுவாகிறது என்று கேட்கலாம். கால்சியம் கூடினால் அது வலுவாக அல்லவா துடிக்க வேண்டும்? இதயச் செல்லில் இருக்கும் ஏற்பி வேறு வகை. அது பொட்டாசியத்தை வெளியேற்றி, கால்சியம் நுழைவதைக் குறைக்கிறது. 1921-ல் ஓட்டோ லூவி தவளை இதயத்தில் கண்டதும் இந்தத் தளர்ச்சியைத்தான். ஆகவே தூதுப்பொருளுக்கென்று நிலையான கட்டளை எதுவும் கிடையாது. எந்த ஏற்பி அதைப் பிடிக்கிறது என்பதே விளைவைத் தீர்மானிக்கிறது.

கால்சியத்தையே குறைத்துவிட்டால் என்ன? துடிப்புக்கும் மூச்சுக்கும் அதுவே ஆதாரம் என்பதால் அது நோயாளிக்கே உலை வைக்கும். மருத்துவர் தரும் அட்ரோபின் ஒரு படி முன்னே நின்று, சுரப்பியிலும் இதயத்திலும் உள்ள ஏற்பிகளை மறைக்கிறது; சளி வறளும், துடிப்பு மீளும். ஆனால் கைகால், மூச்சுத் தசைகளின் ஏற்பி மூன்றாவது வகை; அட்ரோபினுக்கு அங்கே வேலையில்லை. நோயாளி தேறியதாகத் தோன்றிய பிறகும், நஞ்சேறிய 24 முதல் 96 மணி நேரத்துக்குள் மூச்சுத் தசைகள் தளர்ந்துவிடக்கூடும் என்பதை 1987-ல் இலங்கை மருத்துவர்கள் சேனநாயக்க, கரலியத்த இருவரும் விவரித்தார்கள். எனவே எச்சில் நின்றுவிட்டதே என்று ஆஸ்பத்திரியிலிருந்து அவசரமாகக் கூட்டிப்போகாதீர்கள்; ஆஸ்பத்திரிக்குப் போகும்போது பூச்சிமருந்து டப்பாவின் லேபிளையும் மறக்காமல் கொண்டுபோங்கள்.