எழுதும் கையும் பேசும் மூளையும்

எங்கள் மகள் பிரெஞ்சை இடது கையால் எழுதுகிறாள், தமிழை வலது கையால். மொன்றியல் பள்ளிக்கூடத்தில் யாரும் தடுப்பதில்லை. வீட்டில் அம்மம்மா விடமாட்டார். "சோத்துக் கையால எழுது பிள்ளை, இல்லாட்டி வாசிப்பு ஏறாது." பிரெஞ்சில் பக்கம் பக்கமாக எழுதுபவள் 'அ'வோடு போராடுகிறாள். தமிழ் என்றாலே முகம் சுருங்குகிறது.

இதற்குப் பதில் இந்த ஊரிலேயே உண்டு. வைல்டர் பென்ஃபீல்ட் 1934-இல் தொடங்கிய மொன்றியல் நரம்பியல் நிறுவனத்தில், வலிப்பு நோயாளியின் மூளையில் கத்தி வைக்கும் முன் பேச்சு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்தாக வேண்டும். ஜப்பானிய மருத்துவர் ஜூன் வாடா ஒரு வழி கண்டார். கழுத்து இரத்தக்குழாயில் மருந்து செலுத்தி மூளையின் ஒரு பாதியைச் சில நிமிடம் உறங்க வைப்பது. பேச்சு நின்றால், அது இருப்பது அந்தப் பாதியில்.

இப்படிப் பார்த்தவர்களின் கணக்கை ராஸ்முசெனும் பிரெண்டா மில்னரும் 1977-இல் வெளியிட்டார்கள். சிறுவயதில் இடப்பக்க மூளை காயப்படாதவர்களில், வலக்கைக்காரர் 96 வீதத்தினருக்குப் பேச்சு இடப்பாதியில். இடக்கைக்காரர்? அவர்களிலும் 70 வீதத்தினருக்கு அங்கேதான்! மிச்சப்பேருக்கு வலப்பாதியில், அல்லது இரண்டிலும். ஆக, எழுதும் கையை வைத்து மொழியின் இடத்தைச் சொல்ல முடியாது. பிறகு கையை மாற்றி என்ன வாசிப்பு ஏறப் போகிறது?

அம்மம்மாவிடம் சொன்னேன். மூளைக் கதை அவருக்குப் பிடிபடவில்லை. பேத்தியின் முகம் பிடிபட்டது. "சாப்பாடு மட்டும் வலது கையால" என்ற நிபந்தனையோடு இறங்கி வந்தார்.

நேற்று மகள் இடது கையால் அரைப்பக்கம் தமிழ் எழுதினாள். இரண்டு பிழை. அம்மம்மா எழுத்தைத் திருத்தினார், கையைத் தொடவில்லை.