துணி விலகினால் சாப்ளின் தூங்குகிறார்! இந்த முதல் காட்சியின் ரகசியங்கள் தெரியுமா?

ஊரெல்லாம் பேசும் படத்துக்கு அலைமோதிய நேரத்தில், சார்லி சாப்ளின் படத்தில் முதலில் கேட்ட 'சொற்பொழிவு' என்ன தெரியுமா? வெறும் பீப்பீ சத்தம்!

1927-ல் 'தி ஜாஸ் சிங்கர்' என்ற பேசும் படம் வந்ததும் ஹாலிவுட் மௌனப் படங்களைக் கைகழுவத் தொடங்கிவிட்டது. சாப்ளின் அசையவில்லை. 1931 ஜனவரி 30, லாஸ் ஏஞ்சல்ஸில் அவருடைய 'சிட்டி லைட்ஸ்' படத்தின் முதல் திரையிடல். பார்க்க வந்தவர்களில் ஐன்ஸ்டைனும் ஒருவர்! சாப்ளின் இப்போதாவது வாய் திறப்பாரா என்பதுதான் எல்லோர் மனதிலும் இருந்த கேள்வி. திரையில் ஒரு சிலை திறப்பு விழா. பிரமுகர் பேச எழுகிறார், வாயைத் திறக்கிறார்... பீ பீப்பீ பீ! அடுத்து ஒரு சீமாட்டி, அதே சத்தம், இன்னும் கீச்சென்று. ஊதுகருவியை வாயில் வைத்து அந்த ஒலியை எழுப்பியவர் யார் என்கிறீர்கள்? சாப்ளினேதான்!

இத்தனை நேரமும் கதாநாயகனைக் கண்ணில் காட்டவே இல்லை, கவனித்தீர்களா? போர்த்திய சிலை, கூட்டம், பேச்சு, மறுபடியும் பேச்சு. ரசிகர்களின் கண் அந்தத் துணியிலேயே நிற்கிறது. துணி மேலே போகிறது. நடுவில் அமர்ந்திருக்கும் கற்சிலையின் மடியில் சுருண்டு தூங்குகிறார் சாப்ளின் நடிக்கும் நம் நாடோடி! அந்தக் கணமே நாம் அவர் கட்சி. விழாக்காரர்கள் கத்தக் கத்த, அவர் தப்பித்துவிட வேண்டுமே என்று மனசு அடித்துக்கொள்கிறது. படம் முடியும்வரை அந்தப் பாசம் விலகுவதில்லை. இந்தக் காட்சியின் உண்மையான சாதனை இதுதான் என்பேன்.

சிலையின் பெயர் தெரியுமா? 'அமைதியும் செழிப்பும்'! 1929-ல் பங்குச்சந்தை சரிந்து, அமெரிக்காவில் லட்சக்கணக்கானோர் வேலையில்லாமல் நின்ற காலம் அது. செழிப்பின் மடியில் படுக்க இடமில்லாத ஒருவன்! அமைதிச் சிலையிலோ ஓர் உருவத்தின் கையில் வாள்! இறங்கப் பார்க்கும் நாடோடியின் கால்சட்டையில் குத்தி அவரைத் தொங்கவிடுவதும் அதே வாள்தான்.

அடுத்து வருவது உச்சம். வாளில் தொங்கும்போது தேசிய கீதம் ஒலிக்கிறது! பிடிக்க வந்த போலீஸ்காரர் விறைத்து நிற்கிறார், பிரமுகர்கள் நிற்கிறார்கள், தொங்குகிறவரும் அந்தரத்தில் கால் வழுக்க வழுக்க மரியாதையாக நிற்கப் பார்க்கிறார்! விரட்டல் அப்படியே உறைந்துபோகிறது. கீதம் நின்றதும் கூச்சல் மறுபடி தொடங்குகிறது. நினைத்த இடத்தில் நம் சிரிப்பை நிறுத்தி, நினைத்த நொடியில் திறந்துவிடுகிறார் மனிதர். இன்னொரு வியப்பும் உண்டு. அந்தப் பாட்டு அமெரிக்காவின் தேசிய கீதமாகச் சட்டப்படி அறிவிக்கப்பட்டது 1931 மார்ச் 3 அன்றுதான். படம் முந்திக்கொண்டது!

சிலையின் நீட்டிய கையின் கட்டைவிரலில் மூக்கை வைத்து நாடோடி அதிகாரிகளுக்கு அழகு காட்டுவது ஒரே நொடி. கண்சிமிட்டினால் போச்சு.

இதையெல்லாம்விட என்னை வாய்பிளக்க வைத்தது வேறொன்று. படத் தொடக்கத்துக்காக சாப்ளின் ஏழு நிமிடம் ஓடும் இன்னொரு காட்சியையும் எடுத்திருந்தார்! நடைபாதைக் கம்பிவலையில் ஒரு குச்சி சிக்கிக்கொள்கிறது. நாடோடி அதைத் தட்டிப் பார்க்கிறார், குத்திப் பார்க்கிறார், கூட்டம் கூடுகிறது. அவ்வளவுதான், ஆனால் அசல் வைரம்! அதை முழுசாக வெட்டி எறிந்துவிட்டார். 1983-ல் 'அன்நோன் சாப்ளின்' ஆவணப்படம் வந்தபோதுதான் உலகம் அதைப் பார்த்தது. எவ்வளவு சிரிக்க வைத்தாலும், குச்சிக்கும் கதைக்கும் ஒட்டில்லையே! சிலைக் காட்சியோ வீடில்லாத இந்த மனிதனை ஊர் மொத்தத்துக்கும் எதிரே நிறுத்திவிடுகிறது. பின்னால் வரும் பார்வையற்ற பூக்காரப் பெண் அவனைப் பணக்காரன் என்று நம்பும்போது நமக்குப் பகீரென்கிறதே, அவன் எங்கே படுத்திருந்தான் என்று நாம்தான் முதலிலேயே பார்த்துவிட்டோமே!