பனியில் கிடைத்த இலை

தென்துருவம் என்றாலே வெண்பனிதான் நினைவுக்கு வரும். அங்கே ஒரு காலத்தில் காடு இருந்தது என்றால் நம்ப முடிகிறதா?

1912 ஜனவரி 17இல் துருவத்தை அடைந்த ஸ்காட் குழுவினர் ஐவரும் திரும்பும் வழியில் மாண்டனர். பசியிலும் குளிரிலும் தளர்ந்தபோதும், வழியில் சேகரித்த சுமார் 16 கிலோ கற்களை அவர்கள் எறியவில்லை. அவற்றில் குளோசாப்டெரிஸ் என்னும் பண்டைத் தாவரத்தின் இலைப்படிவங்கள் இருந்தன. அதே இலை நம் நாட்டு நிலக்கரிப் படுகைகளிலும் உண்டு. ஆம், இரு நிலங்களும் அன்று ஒன்றாய் இருந்தன!

பின்னர் சென்றோர் பனியையே துளைத்தெடுத்தனர். அதில் சிறைப்பட்ட காற்றுக் குமிழிகளின்படி, தொழிற்புரட்சிக்கு முந்தைய 8 லட்சம் ஆண்டுகளில் காற்றிலுள்ள கரியமில வாயு பத்து லட்சத்தில் 300 பங்கைத் தாண்டவில்லை. இன்றோ 420க்கும் மேல்!

அன்றைய இலை கரியாயிற்று. அக்கரியை நாம் எரிக்கிறோம். ஆய்வகத்தில் கல்லைத் தொடும்போதெல்லாம் அந்த ஐவரை நினைக்கிறேன். அவர்கள் சுமந்த பாடத்தை நாம் படிக்காமல் விடலாமா?