கூடை சுமக்குமுன் உடம்பைப் பலப்படுத்துவோம்

இருமினாலும் தும்மினாலும் பாரம் தூக்கினாலும் சிறிது சிறுநீர் கசிந்துவிடுகிறது. இதை வெளியே சொல்லத் தாய்மார் பலர் வெட்கப்படுகின்றனர். "பிள்ளை பெற்ற உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று மூத்தவர்களும் சொல்லிவிடுகின்றனர். பிள்ளை பெற்ற பெண்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு இந்தக் கசிவு ஏற்படுகிறது. ஆனால் இது காலமெல்லாம் பொறுத்துக்கொள்ள வேண்டிய ஒன்றல்ல. பெரும்பாலும் பயிற்சியினாலேயே குறைத்துக்கொள்ளலாம்.

ஊவா மலைகளில் வாழும் எமக்கு இது பெரும் சுமை. கொழுந்து பறிக்கும் மலைகள் பலவற்றில் மலசலகூடம் இல்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்தபோது, வீடிழந்த குடும்பங்கள் பாடசாலைகளிலும் பொதுக் கட்டடங்களிலும் தங்க நேர்ந்தது. 2025 நவம்பரில் டித்வா புயலின்போதும் அதே நிலைதான். பலரும் பாவிக்கும் மலசலகூடத்துக்கு இருட்டில் போகப் பயந்து, பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிடுகின்றனர். இது தவறு. தண்ணீர் குறைந்தால் மலச்சிக்கலும் சிறுநீர்த் தொற்றும் ஏற்பட இடமுண்டு, கசிவும் நிற்காது.

ஏன் கசிகிறது?

எமது இடுப்பெலும்பின் அடியில், தொட்டில் சீலையைப் போல ஒரு தசைப்படை இருக்கிறது. சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றையும் தாங்குவது அதுவே. கர்ப்ப காலத்தில் குழந்தையின் பாரம் அதன்மேல் அழுத்துகிறது. பிரசவத்தின்போது அது மிகவும் விரிகிறது. தளர்ந்த சீலையை மீண்டும் இறுக்குவதுபோல, இத்தசைகளையும் பலப்படுத்தலாம். அமெரிக்க வைத்தியர் ஆர்னல்ட் கெகல் 1948இல் இதற்கான பயிற்சியை எழுதி வெளியிட்டார். இன்று உலகெங்கும் தாய்மாருக்கு இது கற்பிக்கப்படுகிறது.

எப்படிச் செய்வது?

1. உட்கார்ந்தோ, பக்கவாட்டில் படுத்தோ இருங்கள். காற்றையும் சிறுநீரையும் ஒரே நேரத்தில் அடக்குவதுபோல உள்ளே இறுக்கி மேலே இழுங்கள். தொடை, பிட்டம், வயிறு ஆகியவற்றை இறுக்க வேண்டாம். மூச்சையும் அடக்க வேண்டாம்.

2. ஐந்து எண்ணும்வரை பிடித்திருந்து மெதுவாக விடுங்கள். ஐந்து எண்ணி ஓய்வெடுங்கள். இப்படிப் பத்துத் தடவை. பழகியபின் பத்து எண்ணும்வரை பிடிக்கலாம்.

3. அதன்பின் விரைவாகப் பத்துத் தடவை இறுக்கி விடுங்கள்.

4. இதை நாளொன்றுக்கு மூன்று முறை செய்யுங்கள். பால் கொடுக்கும்போதும் செய்யலாம்; பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது.

5. இருமுமுன், கூடையையோ தண்ணீர்க் குடத்தையோ தூக்குமுன் ஒருமுறை இறுக்கிக்கொள்ளுங்கள்.

சிறுநீர் போகும்போது இடையில் நிறுத்திப் பழகக் கூடாது. சிறுநீர்ப்பை முழுதாக வெறுமையாகாமல் போகலாம்.

கர்ப்பத்தின் ஆரம்பத்திலேயே தொடங்குவது மிக நல்லது. பிரசவத்தின்பின் சிறுநீர் வழமைபோல் போகத் தொடங்கியதும், வலி இல்லாத அளவில் மெதுவாக மீண்டும் தொடங்குங்கள். பலன் தெரிய மூன்று மாதங்கள்வரை செல்லலாம். இடையில் கைவிட வேண்டாம்.

தோட்டத் தொழிலாளப் பெண்களுக்குச் சட்டப்படி 12 கிழமை மகப்பேற்று விடுமுறை உண்டு. மூன்றாவது பிள்ளையிலிருந்து விடுமுறை குறையும் என்றிருந்த வேறுபாடு 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு நீங்கியது. மீண்டும் பெரட்டுக்குப் போகுமுன் உடம்பைத் தயார்ப்படுத்த இக்காலத்தைப் பயன்படுத்துங்கள். விறகும் தண்ணீரும் சுமக்கும் வேலையைக் கணவரும் வீட்டிலுள்ள மற்றவர்களும் ஏற்றுக்கொள்ள வேண்டும். இரவில் மலசலகூடத்துக்குப் போகும் பெண்ணுக்கு ஒரு விளக்கும் துணையும் கொடுப்பது குடும்பத்தின் கடமை.

எப்போது வைத்தியரிடம் போக வேண்டும்?

சிறுநீர் எரிவு, காய்ச்சல், சிறுநீரில் இரத்தம், சிறுநீர் போகாமை, கீழே ஏதோ இறங்குவதுபோன்ற உணர்வு ஆகியவை இருந்தால் தாமதிக்க வேண்டாம். கர்ப்ப காலத்தில் தெளிந்த நீர் தொடர்ந்து வடிந்தால் அது பன்னீர்க்குடம் உடைந்ததாகவும் இருக்கலாம். உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். மூன்று மாதப் பயிற்சியின் பின்னும் கசிவு நிற்காவிட்டால் கிளினிக்கில் சொல்லுங்கள்.

குடும்ப நல உத்தியோகத்தர் வீட்டுக்கு வரும்போது, குழந்தையின் நிறையைப் பற்றி மட்டும் பேசி அனுப்பிவிடாதீர்கள். உங்கள் உடம்பைப் பற்றியும் கேளுங்கள். மறைத்து வைத்தால் துன்பம் நீளும்; வாய்திறந்து சொன்னால் வழி பிறக்கும்.