களிமண்ணிடம் கற்கும் பாடம்

கம்ப்யூட்டர் திரையில் எந்த வடிவமும் நிற்கும். மேஜை மீது நிற்குமா? டிசைன் கல்விக்கூடங்கள் மாணவர்களின் கையைச் சோதிப்பது இதற்காகத்தான். ஆனால் அந்தக் கையைப் பழக்க வேண்டிய பள்ளிகள் அதைக் கண்டுகொள்வதே இல்லை.

கேள்வி சில வரிகள்தான். ஆனால் பதிலைப் பேனாவால் மட்டும் எழுதிவிட முடியாது. கொடுக்கப்பட்ட அட்டை, காகிதம், கம்பி, நூல் போன்ற பொருள்களைக் கொண்டு, சொல்லப்பட்ட சூழ்நிலைக்கேற்ற ஒரு மாடலை நேரத்துக்குள் செய்து காட்ட வேண்டும். தேசிய ஃபேஷன் டெக்னாலஜி நிறுவனத்தின் (நிஃப்ட்) பட்டப் படிப்புக்கான சேர்க்கையில் 'சிச்சுவேஷன் டெஸ்ட்' என்ற இந்தத் தேர்வு உண்டு. அகமதாபாத்தின் தேசிய டிசைன் நிறுவனமும் இரண்டாம் கட்டத்தில் 'ஸ்டூடியோ டெஸ்ட்' வைக்கிறது. ப்ளஸ் டூ வரை எழுதியே தேறிவந்த பிள்ளைகளில் பலருக்கு, 'செய்து காட்டு' என்று சொல்லும் முதல் பரீட்சை இதுதான். நூற்றுக்கு நூறு வாங்கிய கை இங்கே தடுமாறுகிறது. அட்டையை எந்தப் பக்கமாக மடிப்பது என்று யாரும் அதற்குச் சொல்லித் தந்ததில்லை.

இந்தியாவில் டிசைன் கல்வியின் தொடக்கமே இப்படிக் கையில் பிடித்துப் பார்க்கும் ஒரு பொருளோடு சேர்ந்ததுதான். மத்திய அரசின் அழைப்பில் வந்த அமெரிக்க டிசைனர்கள் சார்ல்ஸ் ஈம்ஸும் ரே ஈம்ஸும் 1958-ல் அளித்த அறிக்கையில், இந்தியாவில் தாங்கள் கண்ட பொருள்களிலேயே மிக அழகானதாகப் போற்றியது சாதாரண லோட்டாவை. நம்மூர் சொம்புதான். அதை உருவாக்க எத்தனை கேள்விகளுக்கு விடை கண்டிருக்க வேண்டும் என்று அவர்கள் பட்டியலிட்டார்கள். காலியாக இருக்கும்போது பாரம் எங்கே நிற்கும், நிரம்பினால் எங்கே போகும்? தலையில் வைத்தால் எப்படி, இடுப்பில் வைத்தால் எப்படி? உள்ளங்கைக்கு அடங்குமா? சாய்த்தால் தண்ணீர் எப்படி விழும்? இதில் எந்தக் கேள்விக்கும் காகிதத்தில் கோடு போட்டு மட்டும் விடை சொல்ல முடியாது. தேசிய டிசைன் நிறுவனம் 1961-ல் தொடங்கப்பட்டதற்கு அந்த அறிக்கையே அடிப்படை. மும்பை ஐ.ஐ.டி.யில் தொழில் வடிவமைப்பு மையம் 1969-ல் வந்தது.

பயிற்சி முறைக்கு ஜெர்மனியில் வேர் இருக்கிறது. 1919-ல் தொடங்கிய பௌஹவுஸ் பள்ளியில் புது மாணவர்கள் எல்லோருக்கும் பொதுவான ஆரம்பப் பாடம் ஒன்று இருந்தது. அங்கே ஜோசஃப் ஆல்பர்ஸ் மாணவர்களிடம் வெறும் காகிதத்தைக் கொடுத்து, வீணாக்காமல் அதை எதுவாக மாற்ற முடியும் என்று தேடச் சொன்னார். ஓவியம், கட்டடம், நாற்காலி எல்லாம் அதற்குப் பிறகுதான். இன்றும் டிசைன் கல்லூரிகளில் முதல் வருடப் பாடம் பெரும்பாலும் இந்தப் பாதையில்தான் போகிறது. பெரிய கருவிகள் தேவையில்லை; பொருளின் குணம் தெரிய வேண்டும்.

காகிதத்துக்கு நார் ஓடும் திசை உண்டு. அந்தத் திசையில் மடித்தால் மடிப்பு சுத்தமாக விழும். குறுக்கே மடித்தால் விளிம்பு பிசிறடிக்கும். தானாக நிற்காத தாள், நடுவில் ஒரு மடிப்பு விழுந்ததும் நின்றுவிடும். விசிறிபோல் மடித்தால் புத்தகத்தையே தாங்கும். பொருளின் அளவு கூடவில்லை, வடிவம்தான் மாறியது என்பதை மாணவர் கண்ணெதிரே பார்க்கிறார்.

களிமண்ணில் தவறைத் திருத்திக்கொள்ளலாம், ஆனால் ஏமாற்ற முடியாது. காயும்போது அது சுருங்கும். ஓரிடம் தடிமனாகவும் பக்கத்தில் மெல்லியதாகவும் இருந்தால் விரிசல் விடும். உயரமான உருவத்துக்கு உள்ளே எலும்பு வேண்டும். வடக்குக் கொல்கத்தாவின் குமார்துலியில் துர்கை சிலை செய்பவர்கள் முதலில் மூங்கில் சட்டம் கட்டி, வைக்கோலால் உடலைச் சுற்றி, அதன் பிறகே மண் பூசுகிறார்கள். டிசைன் கல்லூரி மாணவர் கம்பிச் சட்டத்தின் மேல் களிமண் அப்பும்போது செய்வதும் அதையேதான்.

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸுக்குப் பொறுமை கிடையாது. தண்ணீரில் பொடியைத் தூவ வேண்டும்; பொடியில் தண்ணீரை ஊற்றினால் கட்டி கட்டியாகிவிடும். கலந்த சில நிமிஷங்களில் சூடாகி இறுகிவிடும். தெர்மாகோல் லேசானது, எளிதில் வெட்டலாம். ஆனால் ரப்பர் சொல்யூஷன் வகைப் பசையைத் தடவினால் தெர்மாகோலே கரைந்து குழியாகிவிடும். தண்ணீரில் கரையும் வெள்ளைப் பசைதான் அதற்குச் சரி. அலங்கார வேலைக்குத் தெர்மாகோலைப் பயன்படுத்துவது 2022 ஜூலை 1 முதல் தடை செய்யப்பட்டுள்ளது. பழைய அட்டைப் பெட்டி, மூங்கில், காகிதக் கூழ் போன்றவற்றைத் தேட இதுவும் ஒரு காரணம்.

பணமில்லாமலும் இதைக் கற்கலாம் என்று காட்டியவர் கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த அர்விந்த் குப்தா. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972-ல் தொடங்கிய அறிவியல் கல்வித் திட்டத்தோடு அவருக்குத் தொடர்பு ஏற்பட்டது. அங்கே சைக்கிள் வால்வு டியூபைத் துண்டு துண்டாக வெட்டி, அதன் இரு முனைகளிலும் தீக்குச்சியைச் செருகினார். மூட்டு தயார். நான்கு குச்சிகளைச் சேர்த்த சதுரம் தொட்டால் சாய்கிறது. மூன்று குச்சி முக்கோணம் அசைவதில்லை. பாலத்திலும் கூரையிலும் மின்கோபுரத்திலும் முக்கோணங்கள் ஏன் வருகின்றன என்று பிறகு தனியாக விளக்க வேண்டியதில்லை. அவருக்கு 2018-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

தொழிலிலும் மாடலுக்கு இதே வேலைதான். யோசனையைச் சோதிக்க அவசரத்தில் செய்யும் அட்டை மாடல் ஒன்று. பார்வைக்கு அசலைப் போலவே இருக்கும் மாடல் இன்னொன்று. கடைசியில் உண்மையாகவே இயங்கும் முன்மாதிரி. கட்டடத்தை நூறில் ஒரு பங்காகச் சுருக்கிப் பார்க்கலாம். குக்கர் கைப்பிடியை அப்படிப் பார்க்க முடியாது. முழு அளவில் செய்து பிடித்தால்தான் விரல் இடிக்கிறதா என்று தெரியும். அட்டையில் கண்டுபிடித்த தவறுக்குச் செலவு சில ரூபாய். அதே தவறு பிளாஸ்டிக் வார்க்கும் இரும்பு அச்சுக்குப் போய்விட்டால் நஷ்டம் லட்சக்கணக்கில்.

கம்ப்யூட்டர் வந்த பிறகு இதெல்லாம் எதற்கு என்ற கேள்வி நியாயமானது. முப்பரிமாணப் படத்தைத் திரையில் சுழற்றிப் பார்க்கலாம். பிரிண்டரில் அச்சடித்து எடுக்கலாம். நிதி ஆயோக் 2016 முதல் பள்ளிகளில் அமைத்துவரும் 'அடல் டிங்கரிங் லேப்'கள் 10,000-ஐத் தாண்டிவிட்டன. முப்பரிமாண பிரிண்டரும் அந்தப் பட்டியலில் உண்டு. துல்லியத்திலும் வேகத்திலும் கை அதோடு போட்டி போட முடியாது. ஆனால் திரையில் எடை இல்லை. பெரிதாக்கியும் சிறிதாக்கியும் பார்ப்பதில் உண்மை அளவே மறந்துபோகும். மரத்தின் ரேகையும் களிமண்ணின் சுருக்கமும் அங்கே எதிர்த்து நிற்பதில்லை. கையால் செய்து பார்த்தவருக்குக் கம்ப்யூட்டர் நல்ல துணை. அப்படிச் செய்து பார்க்காதவர், நிற்காத நாற்காலியையும் அதில் அழகாக வரைந்துவிடலாம்.

பொருளறிந்த கை என்ன சாதிக்கும் என்பதற்கு ஜெய்ப்பூர் கால் சாட்சி. அப்போது கிடைத்த மேல்நாட்டு மாதிரி செயற்கைப் பாதத்துக்கு ஷூ வேண்டும். அதோடு சம்மணம் போட முடியாது, குந்த முடியாது, சேற்று வயலில் இறங்க முடியாது. ஜெய்ப்பூரில் சிற்ப வேலை தெரிந்த கைவினைஞர் ராம் சந்திர ஷர்மாவும் எலும்பு மருத்துவர் பி.கே. சேத்தியும் சேர்ந்து, 1968 வாக்கில் இதற்கு விடை கண்டார்கள். ரப்பர், ஸ்பாஞ்ச், மரக்கட்டை என்று மாற்றி மாற்றிச் செய்து, அச்சில் வார்த்து உருவாக்கிய பாதம் அது. வெறும் காலோடு நடக்கவும் குந்தவும் முடிந்தது. சேத்திக்கு 1981-ல் மகசேசே விருது கிடைத்தது. அச்சு செய்த ஷர்மாவின் பெயரை அறிந்தவர்கள் அந்த அளவுக்கு இல்லை. நம் நாட்டில் மூளைக்கும் கைக்கும் தரும் மரியாதையில் உள்ள வித்தியாசம் அது.

அந்த வித்தியாசம் வகுப்பறையிலேயே ஆரம்பிக்கிறது. கைத்தொழில் வழியாகவே கல்வி என்று காந்தி 1937-ல் வார்தாவில் முன்வைத்த திட்டம் நிலைக்கவில்லை. கைவேலை 'ப்ராஜெக்ட்' ஆகி, கடைசி நாள் இரவில் பெற்றோர் செய்து தருவதாக மாறிவிட்டது. டிசைன் நுழைவுத் தேர்வு நெருங்கும்போது வசதியுள்ளவர்கள் கோச்சிங் சென்டருக்குப் போகிறார்கள். அங்கே முன்கூட்டியே மனப்பாடம் செய்த மாடல்கள் கிடைக்கின்றன. படிப்புக் கட்டணமும் லட்சங்களில். சிறு வயதிலிருந்தே மண்ணையும் மரத்தையும் அறிந்த குயவர், தச்சர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த வாசல் எட்டாத தூரத்தில் இருக்கிறது.

2020-ன் தேசியக் கல்விக் கொள்கை 6 முதல் 8-ம் வகுப்புக்குள் 10 நாட்கள் புத்தகப்பை இல்லாமல் தச்சர், குயவர், தோட்டக்காரர் போன்றோரிடம் மாணவர்கள் வேலை பழக வேண்டும் என்கிறது. மூன்று வருடப் படிப்பில் 10 நாள் மிகக் கொஞ்சம்தான். ஆனாலும் அந்த நாட்களைச் சுற்றுலாவாக்கிவிடாமல், தச்சரைச் சம்பளம் கொடுத்து ஆசிரியராக அமர்த்தினால், இரண்டு பேருக்கு லாபம். ஒரு பிள்ளை அட்டையை எப்படி மடிப்பது என்று கற்றுக்கொள்ளும். தச்சர் வீட்டுப் பிள்ளை, தன் அப்பாவுக்குத் தெரிந்ததும் படிப்புதான் என்று தெரிந்துகொள்ளும்.