ஆட்டுக் கணையம் அந்தப் பையனைக் காப்பாற்றியதா?

இன்சுலின் இல்லாத காலம். பிள்ளைகளுக்கு நீரிழிவு வந்தால் பிழைப்பது கஷ்டம். 1889இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஒரு நாயின் கணையத்தை நீக்கினார்கள். அதற்கு நீரிழிவு வந்துவிட்டது. அப்போ, புதுக் கணையம் வைத்தால் நோய் போய்விடுமா?

1893 டிசம்பர். இங்கிலாந்தின் பிரிஸ்டலில் 15 வயதுப் பையன் ஒருவன் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தான். அப்போதுதான் வெட்டிய செம்மறியாட்டின் கணையத்திலிருந்து 3 துண்டுகளை அவன் தோலுக்கு அடியில் வைத்தது மருத்துவர் வாட்சன் வில்லியம்ஸின் குழு. மூன்றே நாளில் இறந்துவிட்டான்.

ஏன் பலிக்கல? விலங்கின் திசுவை நம் உடல் எதிரியாக நினைத்துத் தாக்கும். அதைத் தடுக்கும் மருந்து அப்போ கிடையாது. ஆனா யோசனை அவ்வளவு தப்பில்லை. கணையமே வேண்டாம், அது சுரக்கும் இன்சுலின் போதும். 1922 ஜனவரியில் டொரோண்டோவில் லெனர்ட் தாம்சன் என்ற சிறுவனுக்கு, மாட்டுக் கணையத்திலிருந்து எடுத்ததை ஊசியாகப் போட்டார்கள். அவர் மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தார்.